இறங்காத கடை

மரகதம் காம்ப்ளெக்ஸை இடித்த அன்று மற்றக் கடைகள் எல்லாம் கீழே வந்தன, பிலோமினா அக்காவின் கடை மட்டும் வரவில்லை. கீழ்த்தளத்தில் வகாப் பாயின் மளிகைக் கடை போய், மாவு மில் போய், சலூன் போய், பாரத்தைத் தாங்கி நின்ற தூண்கள் போய், மாடியில் அக்கா கடைக்கு இந்தப் பக்கம் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டும் அந்தப் பக்கம் இருந்த டெய்லர் கடையும் போய், கடைசியில் மாடிப்படியும் போய்த் தூசி மெல்ல அடங்கியபோது, இழுத்துப் பூட்டிய ஷட்டரும், ‘ஜெசி மேட்சிங் சென்டர்’ என்ற பச்சைப் பெயர்ப்பலகையும், பலகைமேல் உட்கார்ந்திருந்த புறாக்களுமாக அந்த ஒரு கடை, முன்பு எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில், அடியில் ஒன்றுமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. இடிக்கும் வண்டியின் டிரைவர் இரும்புக் கையை நீட்டித் தள்ளிப் பார்த்தார். மலையைத் தள்ளியதுபோல வண்டிதான் பின்னால் வந்தது. இன்னொரு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, என்ஜினை அணைத்து, “இதுக்கு வேற வண்டி வரணும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பிலோமினா அக்கா காலையிலிருந்து எதிரே பொன்ராமின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தூசி அடங்கியதும் டம்ளரைக் கீழே வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“யாராவது ஒரு ஏணி இருந்தா குடுங்கப்பா. டீச்சரம்மாவுக்கு லைனிங் வெட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்” என்றார்.

திண்டுக்கல்லில் ரயில்வே லைனுக்கு மேற்கே இருக்கிறது எங்கள் ஆரோக்கியபுரம். அங்கே முதன்முதலில் வந்த பெரிய கட்டடம் மரகதம் காம்ப்ளெக்ஸ்தான். அது கட்டப்பட்ட காலத்தில் மாடியில் ஏறிக் கடைக்குப் போவது என்பதே எங்களுக்குப் பெருமையாக இருந்தது, வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு மாதா கோயிலையும் அதையும்தான் காட்டுவோம். அது கிழடானதை நாங்கள் கவனிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தது, தளத்தில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தது, மழை பெய்தால் படிக்கட்டில் வாளி வைக்க வேண்டியிருந்தது, புதுப் பிளாட்டுகளில் குடிவந்த பெண்கள் சாமான் வாங்க பைபாஸ் ரோட்டுக்குப் போனார்கள். ஒரு ஐப்பசி மழையில் முன்பக்கத்து சன்ஷேடு ஒடிந்து ஆளில்லாத காய்கறி வண்டிமேல் விழுந்தபோதுதான் எல்லோருக்கும் பயம் வந்தது. கட்டியவரின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து, தெய்வசிகாமணி என்ற புரமோட்டரிடம் பேசி முடித்தார்கள். அவர் வரப்போகிற கட்டடத்தின் படத்தைப் பெரிய பிளெக்ஸாக அடித்து முன்னால் வைத்தார். அதில் கண்ணாடிச் சுவர் இருந்தது, லிஃப்ட் இருந்தது, வெயிலே படாத நிறத்தில் மனிதர்கள் பைகளோடு நடந்துகொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் ஆசைதான். மாலையில் அதன் முன்னால் நின்று, யார் கடை எங்கே வரும் என்று விரல் வைத்துக் காட்டிப் பேசிக்கொள்வோம்.

கடைக்காரர்கள் எல்லோரும் சம்மதித்தார்கள். பிலோமினா அக்கா சண்டை போடவில்லை, வழக்குப் போடவில்லை. கேட்க வந்தவர்களிடமெல்லாம், “நான் காலி பண்ணிட்டா ஜெசி எங்க வருவா?” என்று மட்டும் கேட்டார். அவரிடம் சம்மதம் வாங்காமலே இடிக்கிற நாள் வந்துவிட்டது.

ஜெசிந்தாவை எங்களில் தெரியாதவர்கள் கிடையாது. அக்காவுக்கும் அந்தக் காம்ப்ளெக்ஸின் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்ட சவரிமுத்து அண்ணனுக்கும் ஒரே மகள். உடம்பு மட்டும் வளர்ந்து பெரிய பெண்ணாகிவிட்டாள், மனசு பால்வாடிப் பிள்ளையாகவே நின்றுவிட்டது. ஊர் பெயர் சொல்ல வராது, தெரு சொல்ல வராது, அப்பா பெயர் கேட்டால் சிரிப்பாள். காலையில் அம்மாவோடு படியேறி வந்து, கடைக்குள் பாயில் உட்கார்ந்து, பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருப்பாள். அலுத்துப்போனால் யாரும் பார்க்காதபோது இறங்கி நடந்துவிடுவாள். ரயில்வே கேட் வரைக்கும் போவாள், சந்தை வரைக்கும் போவாள், ஒருமுறை பழனி ரோட்டில் வெகுதூரம் போய்விட்டாள். எங்கே போனாலும் அந்தப் பச்சைப் பலகை கண்ணில் பட்டதும் திரும்பி, முனை உடைந்திருந்த படியை மட்டும் தாண்டிக் குதித்து, மேலே வந்து சேர்ந்துவிடுவாள். “எங்க போகணும் பாப்பா?” என்று கேட்டால் “மேல” என்பாள். அவளுக்குத் தெரிந்த விலாசம் அவ்வளவுதான்.

ஒரு ஆவணி மாதம், கல்யாண முகூர்த்த மாதத்தில் கடையை விட முடியாது என்று அக்கா இருந்துவிட, சவரிமுத்து அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போனார். கடற்கரை வரைக்கும் ஜனம். போன நேரத்திலிருந்து அவள் கையை அவர் விடவே இல்லை. கொடி ஏறியபோது கும்பிடுவதற்காக இரண்டு கைகளையும் சேர்த்தார். அவ்வளவுதான். கும்பிட்டு முடித்துக் கையைப் பக்கத்தில் நீட்டினால் அங்கே வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். கடற்கரையெல்லாம் தேடினார், நாகூர் போனார், நாகப்பட்டினம் போனார், ரயில் போகிற ஊரெல்லாம் போய் ஸ்டேஷன் ஸ்டேஷனாக, ஆதரவற்றோர் இல்லம் இல்லமாகத் தேடினார், படம் போட்ட நோட்டீசைச் சுவர்களில் ஒட்டினார், கடைசியில் தாடியும் அழுக்குச் சட்டையுமாகத் தனியாகத் திரும்பி வந்தார். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் தேறியிருப்பார் என்று பெண்கள் சொல்வார்கள். அன்றிலிருந்து அவர் மாடிப்படியில் கால் வைத்ததில்லை. கீழே ரோட்டோரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார், அக்கா மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார், மத்தியானச் சாப்பாடு தூக்குச்சட்டியில் யார் கையிலாவது கீழே வரும். வருஷா வருஷம் பலகைக்கு அதே பச்சையில் பெயிண்ட் அடிக்கிற அன்று மட்டும், “இதே கலர்தானா?” என்று அக்கா மேலேயிருந்து கேட்பார், “இதேதான்” என்று அண்ணன் கீழேயிருந்து சொல்வார்.

ஏணி கிடைத்தது. அக்கா ஏறிப்போய் ஷட்டரைத் தூக்கி, ஊதுவத்தி கொளுத்தி, டீச்சரம்மாவுக்கு லைனிங் வெட்டினார். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடை திறந்திருந்தது.

அது எப்படி நிற்கிறது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேட்டோம், கரண்ட் உண்டா என்று கேட்டோம், ஏணியேறப் பயப்படுகிறவர்கள் எப்படித் துணி வாங்குவது என்று கேட்டோம். அக்கா நைலான் கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டி இறக்கினார். கீழே நின்று சேலையைக் கூடையில் வைத்தால் மேலே போகும், கொஞ்ச நேரத்தில் சேலையும் அதற்குச் சேர்ந்த ரவிக்கைத் துணியும் ஃபால்ஸுமாகக் கீழே வரும். ஒரு நூல் அளவுகூட நிறம் தப்பாது. லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “கம்பம் தரையிலதான இருக்கு, எனக்கு அது போதும்” என்று ஒயர் இழுத்துக் கொடுத்தார். வரி போட வந்தவர் அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார், தரையைத் தொடாத கட்டடத்துக்கு எந்தக் கணக்கில் வரி போடுவது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே போனவர் திரும்பி வரவில்லை. மாதா கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்தார், வகாப் பாய் அழைத்து வந்த ஹஜ்ரத் கண்ணை மூடி துஆ செய்தார். டிவியிலிருந்து வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள், அன்றைக்கென்று வேறெங்கோ ஒரு மந்திரி வீட்டில் சோதனை நடந்ததால் எங்கள் கடை டிவியில் வரவில்லை. அதன் அடியில் நல்ல நிழல் விழுந்தது. பூக்காரம்மா அங்கே வந்து உட்கார்ந்தார், ஆட்டோக்கள் நின்றன, நாய்கள் படுத்தன, மழை வந்தால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் ஒதுங்கினார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் ஒரு கட்சிக்காரர்கள் தலைவரின் பிறந்தநாளுக்கு பிளெக்ஸ் கட்டினார்கள், பிறந்தநாள் முடிந்தும் அவிழ்க்கவில்லை.

புரமோட்டர் தெய்வசிகாமணி கெட்டவர் அல்ல. ஒரு காலையில் அவரே ஏணியேறிப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றி வைக்க இடமில்லாததால் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். அக்கா ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

“அம்மா, புதுக் கட்டடத்துல முதல் கடையே உங்களுக்குத் தர்றேன். ரோட்டைப் பாத்த கடை. இதே பலகையைக் கழட்டி அங்க மாட்டித் தர்றேன்.”

“பலகையை மட்டும் பாத்து வருவாளா தம்பி?”

“வேற என்னம்மா வேணும்? சொல்லுங்க, செஞ்சு தர்றேன்.”

அக்கா கையிலிருந்த துணியைச் சுருட்டி அலமாரியில் வைத்தார். “படி வேணும். இந்த ஷட்டர் சத்தம் வேணும். உள்ள வந்தா இந்தக் கஞ்சித்துணி வாசம் வேணும். எதைப் பாத்து அவ திரும்புவான்னு எனக்குத் தெரிஞ்சா அந்த ஒண்ணை மட்டும் வச்சிக்கிட்டு மிச்சத்தையெல்லாம் இன்னைக்கே உங்களுக்குக் குடுத்திருவேன். எதுன்னு தெரியலையே.”

புரமோட்டர் கையிலிருந்த செருப்பை ஸ்டூலுக்கு அடியில் வைத்தார். “பொண்ணு போயி ரொம்ப வருஷமாச்சுங்களாம்மா?”

“அப்ப உங்களுக்கு மீசை முளைச்சிருக்காது.”

இறங்கும்போது, என்ன செய்வது என்று தெரியாமல், அவர் வீட்டில் யாருக்கும் வேண்டாத ஊதா நிறத்தில் கொஞ்சம் துணி வாங்கிக்கொண்டு இறங்கினார்.

ஏணிதான் அக்காவுக்குப் பெரிய கவலையாக இருந்தது. “ஜெசி ஏணி ஏற மாட்டா. ஆடுனா பயந்துருவா” என்று பூக்காரம்மாவிடம் ஒருநாள் சொன்னார். அந்தப் பேச்சு எப்படியோ சவரிமுத்து அண்ணன் காதுக்குப் போனது. மறுநாள் காலையில் அவர் இடிபாட்டுக் குவியலில் குனிந்து உடையாத செங்கல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பழைய சுண்ணாம்பைத் தட்டித் தட்டி எடுத்து, சட்டி சட்டியாகச் சிமெண்ட் குழைத்து, தனியாளாகப் படி கட்ட ஆரம்பித்தார். எங்களில் கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் உதவிக்குப் போனோம், கல் எடுத்துக் கொடுக்கத்தான் விட்டார். பழைய படி எந்த இடத்தில் திரும்பியதோ அந்த இடத்தில் இதுவும் திரும்பியது, எந்தப் படி உயரம் கூடுதலாக இருந்து எல்லோரையும் தடுக்கிவிடுமோ அந்தப் படி இதிலும் தடுக்கியது. எல்லாம் ஈரம் காய்ந்ததும் சுத்தியலை எடுத்து ஒரு புதுப் படியின் முனையை அவரே உடைத்தார். அக்கா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைவாசலைத் தொடுகிற கடைசிப் படியை மட்டும் அண்ணன் கட்டவில்லை. எங்களில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, “இதை நீ போட்டுரு” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

ஆனால் படிக்கட்டு வந்ததோடு வேறொரு சங்கடமும் வந்தது. கடையும் படியும் நடுமனையில் நிற்க, புரமோட்டரால் அஸ்திவாரம் தோண்ட முடியவில்லை. மற்றக் கடைக்காரர்கள் ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயிலில் தகரம் காய்ந்தது, எண்ணெய் டின்கள் சூடேறின, மழையில் சர்க்கரை மூட்டை கரைந்தது. சலூன்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். வகாப் பாயின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடை எங்கே என்று பார்க்க வந்து, தகரக் கொட்டகையைப் பார்த்துவிட்டு டீ குடிக்காமல் போனார்கள். அன்று சாயங்காலம் பாய் படியேறிப் போனார். கீழே நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

“அக்கா, உங்க கடைக்குக் கீழயே இத்தனை காலம் இருந்துட்டேன். ஜெசி என் கடையில மிட்டாய் எடுக்காத நாள் இல்ல. அவ வரணும்னு நானும் தொழுறேன்.”

“தெரியும் பாய்.”

“உங்க பொண்ணு வருவா. இன்ஷா அல்லாஹ் வருவா. என் பொண்ணு வீட்டுலயே இருக்காக்கா. அவளை எப்படி அனுப்பறது?”

அக்கா அழுதது எங்களுக்குக் கேட்டது. அவர் அழுது அதற்கு முன்னால் நாங்கள் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “புரமோட்டர் தம்பியை வரச் சொல்லுங்க பாய். இதைச் சுத்திக் கட்டிக்கட்டும். கடையும் படியும் மட்டும் இருக்கட்டும், போதும்” என்றார்.

அப்படித்தான் முடிவானது. புரமோட்டர் படத்தை மாற்றி வரைந்தார். நடுவில் கிணறுபோல வெற்றிடம் விட்டு, அதற்குள் அந்தக் கடையும் படிக்கட்டும் அப்படியே இருக்க, சுற்றிலும் கட்டடம் எழும்பியது. அடியிலிருந்த நிழல் போய்விட்டதால் பூக்காரம்மா கோயில் பக்கம் போனார், நாய்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. தளம் தளமாக ஏறி, கண்ணாடி வந்து, லிஃப்ட் வந்து, வகாப் பாயின் கடை சூப்பர் மார்க்கெட்டாகி, அவர் பெண்ணுக்குக் கல்யாணமும் ஆனது. திறப்பு விழா அன்று எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் லிஃப்டில் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் களைத்துப்போனார்கள்.

விழாக் கூட்டம் கலைந்ததும் பிலோமினா அக்கா படியிறங்கி வந்தார். ரோட்டைத் தாண்டி, பொன்ராம் டீக்கடை பக்கம் வந்து நின்று திரும்பிப் பார்த்தார். எதிரே கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்குள் ஆகாயமும், மின்கம்பிகளும், டீக்கடையும், டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்த அக்காவும் தெரிந்தார்கள். பச்சைப் பலகை தெரியவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நின்று பார்த்தார், பிறகு வலப்பக்கம் போய் நின்று பார்த்தார். கண்ணாடிக்கு உள்ளே, கட்டடத்தின் வயிற்றுக்குள், அவர் கடை அப்படியேதான் இருந்தது. ரோட்டில் வருகிற யாருக்கும் அது இல்லை.

சவரிமுத்து அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஜெசியப்பா, இங்க நின்னா கடை தெரியல.”

“நான் ரோட்டுலதான நிக்கிறேன். நான் பாத்துக்கிறேன்.”

“அவளுக்கு உங்களை அடையாளம் தெரியுமா? தலையெல்லாம் நரைச்சுப்போச்சே.”

பல வருஷங்களுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேராகப் பேசியது அன்றுதான். மறுநாள் சவரிமுத்து அண்ணன் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, மீசையைப் பழைய மாதிரி அரும்பாகக் கத்தரித்துக்கொண்டு, பெட்டியிலிருந்த பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றார். சட்டை தோளில் தொங்கியது. வெளியூர் ஆட்கள் சிரித்தார்கள். நாங்கள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனோம், வர வர அவர் எங்கள் கண்ணுக்கு உண்மையிலேயே இளமையாகத் தெரிய ஆரம்பித்தார்.

ஆனால் அக்கா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. வெயில் வராத கடைக்குள் டியூப் லைட்டில் நிறம் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது என்பார், அரக்கும் மெரூனும் ஒன்றுபோல இருக்கிறது என்பார், சாப்பாடு பிடிக்கவில்லை என்பார். தவக்காலத்தில் ஒரு மத்தியானம், ஜாக்கெட் துணிக்காகப் படியேறிய டீச்சரம்மா, அக்கா மடியில் ஒரு சேலையை விரித்துவைத்தபடி சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். கூப்பிட்டும் நிமிரவில்லை.

டீச்சரம்மாவின் சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் முதலில் வந்தது அழுகை இல்லை, பயம்தான். அந்தக் கடையைத் தாங்கிக்கொண்டிருந்தது அக்காவின் காத்திருப்புதான் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளாமலே நம்பியிருந்தோம். புரமோட்டரே ஓடிவந்து கீழே நின்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார், வகாப் பாய் தன் கடை ஷட்டரை இறக்கினார், லிஃப்டை நிறுத்தினார்கள். எங்களில் நான்குபேர் மட்டும் மேலே போய், எந்த நிமிஷமும் தளம் போய்விடும் என்ற பயத்தோடு, அக்காவைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிவழியே இறங்கினோம். முனை உடைந்த படியில் கால் தடுமாறாமல் இறக்கினோம். ஒரு துளிச் சிமெண்ட் உதிரவில்லை.

அடக்கம் முடிந்தது. கடை நின்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் பூசை முடிந்தது, முப்பதாம் நாள் பூசை முடிந்தது, கடை நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் நடக்கப் பயந்து எல்லோரும் சுவரோரமாகவே சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம். இன்னும் அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று சிலர் சொன்னார்கள்.

பிறகு ஒரு காலையில், காக்கிச் சட்டையும் கருப்புத் தலையுமாக, சவரிமுத்து அண்ணன் படிக்கட்டின் அடியில் வந்து நின்றார். தன் கையால் கட்டிய அந்தப் படியில் அவர் வெகுநேரம் ஏறவில்லை. நாங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஏற ஆரம்பித்தார். திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கொத்தனார் போட்ட கடைசிப் படியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது, பிறகு ஊதுவத்தி வாசம் வந்தது. அந்தக் கடையை இத்தனை நாளும் நிறுத்தி வைத்திருந்தது யார் என்பதில் நாங்கள் தப்பாக நினைத்திருந்தோம் என்று அன்று எங்களுக்குத் தோன்றியது. வகாப் பாய்தான் முதலில் சுவரோரத்தை விட்டு, கடைக்கு நேர் அடியில் நடந்து தன் கடைக்குப் போனார்.

மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இருந்த வேலைக்கு இப்போது ஒரே ஆள்தான். அண்ணன் கேட்காமலே கீழ்வேலையை ஊர் எடுத்துக்கொண்டது. வகாப் பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பொன்ராம் டீ ஆற்றிக்கொண்டே ரோட்டைப் பார்த்தார், ஆட்டோக்காரர்கள் ரயில்வே ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் பார்த்தார்கள். வழி தெரியாமல் நிற்கிற பெண் யாராக இருந்தாலும், சின்னவளோ பெரியவளோ, எந்தப் பாஷைக்காரியோ, பக்குவமாகப் பேசி அந்தப் படிவழியே மேலே கூட்டிப்போனார்கள். அண்ணன் அவள் முகத்தை நன்றாகப் பார்ப்பார். ஜெசிக்கு இப்போது எத்தனை வயசிருக்கும் என்பதில் அவருக்கே குழப்பம் இருந்தது. “இது நம்ம பிள்ளை இல்லப்பா” என்பார். பிறகு சோறு வாங்கி வரச் சொல்லி, அவள் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, அவள் எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்து அனுப்பப் பாடுபடுவார். அப்படி வீடு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

வியாபாரம்தான் அவருக்கு வரவில்லை. மயில்கழுத்துப் பச்சைக்குக் கிளிப்பச்சை வெட்டுவார், வெங்காயத்தாள் நிறத்துக்கு ரோஸ் கொடுப்பார், அரக்குச் சேலைக்கு ஆரஞ்சு லைனிங்கை மடித்துக் கையில் வைத்து, “சரியா இருக்காம்மா?” என்று கேட்பார். சரியாக இருக்கிறது என்றுதான் எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். அதையே தைத்துப் போட்டுக்கொள்வார்கள். வேறு கடையில் போய் வாங்க யாருக்கும் மனசு வரவில்லை. மாதா கோயில் திருவிழாத் தேர் வருகிறபோது ஆரோக்கியபுரத்துப் பெண்கள் வரிசையாக மெழுகுவர்த்தியோடு நடந்தால், ஒருத்தி ரவிக்கையும் அவள் சேலையோடு சேராது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள்.

போன வருஷம் பொன்ராமின் வீட்டுக்குத் தேனியிலிருந்து மருமகள் வந்தாள். யாழினி என்று பெயர், படித்த பெண், உடுத்துவதில் அக்கறையுள்ளவள். தீபாவளிச் சேலையை மாமியாரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். வந்த துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அத்தை, கத்தரிப்பூக் கலருக்கு மஞ்சளக் குடுத்திருக்காரு, நீங்களும் வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்றாள். மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “அங்க அப்படித்தான் தருவாங்க” என்றாள். யாழினி கோபத்தோடு துணியையும் சேலையையும் பையில் போட்டுக்கொண்டு, மாற்றியே தீருவது என்று ரோட்டைத் தாண்டிப் போய் அந்தப் படிகளில் விறுவிறுவென்று ஏறினாள். மேலே டியூப் லைட் வெளிச்சத்தில் கிழவர் ஒருவர், சாயம் பூசிய தலையும் பெரிய காக்கிச் சட்டையுமாக, துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் சுருட்டுவதை அப்படியே விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் யாழினிக்கு வந்த காரியம் சட்டென்று மறந்துபோனது.

“வாம்மா” என்றார் அவர். “வெளியில யாராவது நின்னாங்களா?”

“இல்லையே தாத்தா” என்றாள் அவள்.

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் துணியை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். அவர் சுருட்டி முடிக்கும்வரை அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு பையைத் திறக்காமலே இறங்கி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மாமியார்தான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், அதைக் கேட்டுவிட்டு, ஏன் அவரிடம் ‘இல்லையே’ என்று சொன்னோம் என்று அழுதாளாம். தீபாவளிக்கு அந்த மஞ்சளையே தைத்துப் போட்டுக்கொண்டாள். பொங்கலுக்குத் துணி எடுக்க மறுபடியும் படியேறிப் போனபோது, அவர் அதையே கேட்டார், அவளும் எங்கள் எல்லோரையும்போல, “இன்னும் இல்ல தாத்தா” என்று சொன்னாள்.